காட்டுக்குள் கட்டிய செங்கல் ஆலயம்: டெலவேரின் பாரட்ஸ் சாப்பல்

அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்துக் கிராமப்புறத்தில் நிற்கிற பாரட்ஸ் சாப்பலை ‘மெதடிசத்தின் தொட்டில்’ என்கிறார்களே, ஒரு நாட்டுப்புறத்து ஆலயத்துக்கு ஏன் அவ்வளவு பெருமை, இப்போது நிற்பது பழைய கட்டடம்தானா, நம் ஊர் மெதடிஸ்ட் சபைகளுக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஆமாம், சுவர்கள் 1780-ல் எழுப்பியவைதான். பெருமைக்குக் காரணம் 1784 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, அங்கே நடந்த ஒரு சந்திப்பு. நம் ஊரோடு சம்பந்தமும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் முக்கியமான கேள்வி அப்படியே நின்றுவிடும். அந்தச் சந்திப்பு நியூயார்க்கிலோ பிலடெல்பியாவிலோ நடக்காமல் ஒரு காட்டு நடுவில் ஏன் நடந்தது? எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையைவிட, அதற்கு நான்கு வருடம் முன்னால், அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், அவ்வளவு பெரிய ஆலயத்தைக் கட்டத் துணிந்த அந்த ஊர் விவசாயிகள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். அவர்கள் கட்டியிருக்காவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்திருக்காது.

இடத்தை முதலில் பார்ப்போம். டெலவேர் மிகச் சிறிய மாநிலம், மொத்தமே மூன்று கவுண்டிகள், நம் மாவட்டங்கள் மாதிரி. நடுவில் இருப்பது கென்ட். அதில்தான் தலைநகர் டோவர் இருக்கிறது. டோவருக்குத் தெற்கே ஃப்ரெடரிக்கா என்ற சின்ன ஊர், அதற்குச் சற்று வடக்கே இந்த ஆலயம். கிழக்கே டெலவேர் விரிகுடா, சுற்றிலும் மேடுபள்ளம் இல்லாத வயல்வெளி. இன்றைக்குப் பக்கத்திலேயே பெரிய நெடுஞ்சாலை போகிறது, கடற்கரைக்குப் போகிற கார்கள் விர்ரென்று தாண்டிப் போய்விடும். அன்றைக்கு அங்கே இருந்தது காடு. 1784-ல் இங்கிலாந்திலிருந்து வந்த தாமஸ் கோக் என்ற குருவானவர் தன் நாட்குறிப்பில் ‘காட்டின் நடுவே இருக்கும் ஆலயம்’ என்றே எழுதியிருக்கிறார்.

அப்புறம், அன்றைய மெதடிசம் என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருவது புரியாது. இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கியது தனித் திருச்சபை அல்ல. ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு உள்ளேயே நடந்த ஓர் எழுப்புதல் இயக்கம் அது. மெதடிஸ்டுகள் தங்கள் சங்கத்தில் கூடிப் பாடுவார்கள், ஜெபிப்பார்கள், பிரசங்கம் கேட்பார்கள். ஆனால் ஞானஸ்நானத்துக்கும் திருவிருந்துக்கும் பக்கத்து ஆங்கிலிக்கன் ஆலயத்துக்குத்தான் போக வேண்டும். மெதடிஸ்ட் பிரசங்கிகள் பெரும்பாலும் குருப்பட்டம் பெறாதவர்கள், அப்பம் பிட்டுக் கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வெஸ்லி 1769 முதல் பிரசங்கிகளை அனுப்பத் தொடங்கினார். 1771-ல் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் ஃபிரான்சிஸ் ஆஸ்பரி. வயது 26, பர்மிங்ஹாம் பக்கத்து எளிய குடும்பம், பெரிய படிப்பு எதுவும் இல்லை. வந்தவர் அதன் பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பவே இல்லை.

1775-ல் பிரிட்டனுக்கு எதிரான புரட்சிப் போர் தொடங்கியது. அந்த வருடமே வெஸ்லி குடியேற்றத்தாரைக் கண்டித்து, அரசருக்கு அடங்கி நடக்கச் சொல்லி ஒரு சிறு நூல் வெளியிட்டார். வெஸ்லி எழுதியது இங்கிலாந்தில். அதன் விளைவை அனுபவித்தது அமெரிக்காவில் இருந்த மெதடிஸ்டுகள். மெதடிஸ்ட் என்றாலே அரசரின் ஆள், உளவாளி என்ற சந்தேகம் வந்துவிட்டது. பிரசங்கிகளை அடித்தார்கள், அபராதம் போட்டார்கள், சிறையில் தள்ளினார்கள். 1778-க்குள் வெஸ்லி அனுப்பிய ஆங்கிலேயப் பிரசங்கிகள் ஏறக்குறைய எல்லாரும் திரும்பிப் போய்விட்டார்கள். ஆஸ்பரி மட்டும் போகவில்லை.

போகவில்லை என்றால் எங்காவது இருக்க வேண்டுமே. பக்கத்து மாநிலமான மேரிலாந்தில் புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காதவர்கள் பிரசங்கம் செய்ய முடியாது. ஆஸ்பரியின் மனச்சாட்சி அந்தப் பிரமாணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. டெலவேரில் பிரசங்கிகளுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. அதனால் எல்லையைத் தாண்டி கென்ட் கவுண்டிக்கு வந்து, நீதிபதி தாமஸ் வைட் என்பவரின் பண்ணை வீட்டில் தங்கினார். அங்கேயும் நிம்மதி இல்லை. 1778 ஏப்ரலில் குதிரைப்படை வந்து வைட்டைப் பிடித்துக்கொண்டு போனது, ஆஸ்பரி சதுப்புக் காட்டில் போய் மறைந்திருக்க வேண்டியிருந்தது. வைட் சில வாரங்கள் கழித்துத்தான் வீடு திரும்பினார். இப்படி ஏறக்குறைய இரண்டு வருடம் அந்த வீடுதான் ஆஸ்பரிக்கு அடைக்கலம். 1779 ஏப்ரலில் வடபகுதிப் பிரசங்கிகளின் மாநாடுகூட அந்த வீட்டிலேயே கூடியது. பெரிய நகரங்களில் மெதடிசம் ஒடுங்கிக் கிடந்த அதே காலத்தில் கென்ட் கவுண்டியின் பண்ணை வீடுகள் அதன் மையமாக மாறியது இப்படித்தான். நான் முதலில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

மீதிப் பாதி ஃப்ரீபார்ன் காரெட்சன் என்ற இளைஞர். மேரிலாந்தில் பிறந்தவர், வசதியான குடும்பம், மனம் திரும்பிய 1775-லேயே தன் அடிமைகளை விடுதலை செய்தவர். ஆஸ்பரி வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில் டெலவேர் முழுக்கக் குதிரையில் சுற்றிப் பிரசங்கித்தது அவர்தான். 1780-ல் மேரிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஊரில் சிறையிலும் இருந்தார். அவர் பிரசங்கத்தின் பலனுக்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். டோவர் பக்கத்தில் ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸ் என்ற விவசாயி இருந்தார். அவர் வீட்டில் காரெட்சன், ‘நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்’ என்ற தானியேல் வசனத்தை வைத்துப் பேசினார். அடிமை வைத்திருப்பவர்களைக் குறித்தே பேசினார். ஸ்டர்ஜிஸின் மனம் குத்துண்டது. தன் அடிமைகள் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டார். அப்படி உழைத்துச் சம்பாதித்து விடுதலை வாங்கியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஆலன். பிற்காலத்தில் பிலடெல்பியாவில் வெள்ளையரின் அவமதிப்பைப் பொறுக்காமல் வெளியேறி, ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபையை 1816-ல் நிறுவி அதன் முதல் பேராயர் ஆனவர். அவரும் இதே கென்ட் கவுண்டி மண்ணில்தான் மெதடிஸ்ட் ஆனார்.

பிலிப் பாரட் இந்தச் சூழலில் வருகிறவர். நிலபுலன் உள்ளவர், கென்ட் கவுண்டியின் ஷெரீப்பாக இருந்தவர், பிறகு மாநில சட்டமன்றத்திலும் இருந்தார். அரசாங்கத்தில் இப்படிப்பட்ட இடத்தில் இருந்த ஒருவர், சந்தேகத்துக்கு உள்ளான ஒரு கூட்டத்தோடு வெளிப்படையாகச் சேர்ந்து, தன் நிலத்தையும் கொடுத்து, மாமனார் வீட்டாரான சிப்பிள் குடும்பத்தாரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு 1780-ல் ஆலயம் கட்டக் கிளம்பினார். யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது 1781 அக்டோபரில். அதாவது யார் ஜெயிப்பார்கள் என்றே தெரியாத நேரத்தில் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள்.

கட்டியதும் சின்னதாக இல்லை. நீள அகலம் 48 அடிக்கு 42 அடி, செங்கல் சுவர், இரண்டு அடுக்கு ஜன்னல்கள், உள்ளே மாடியில் உட்காரக் கேலரி. அந்தக் காலத்து நாட்டுப்புற மெதடிஸ்டுகள் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிலிலும், களஞ்சியத்திலும், யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்திலும் கூடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு இது மாளிகை. கட்டிக்கொண்டிருந்தபோது அந்த வழியாகப் போன ஒரு கனவான் இது எதற்கு என்று விசாரித்ததாகவும், மெதடிஸ்டுகளுக்கு என்று தெரிந்ததும், ‘இவ்வளவு பெரிய வீடு எதற்கு, போர் முடிவதற்குள் இவர்கள் எல்லாரும் ஒரு சோளப்பட்டறைக்குள் அடங்கிவிடுவார்கள்’ என்று சொன்னதாகவும் ஒரு கதை இந்த ஆலயத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது. அந்தக் கனவானை நாம் குறை சொல்ல முடியாது. 1780-ல் நிலைமையைப் பார்த்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆனால் 1780 நவம்பரில் அங்கே நடந்த முதல் காலாண்டுக் கூட்டத்துக்கு ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையில் ஜனங்கள் வந்தார்கள் என்று ஆஸ்பரி எழுதி வைத்திருக்கிறார். மேலும் கீழும் நிரம்பி, இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்றார்கள். உள்வேலைகள் எல்லாம் முடிய இன்னும் பல வருடம் இருந்தது, அதற்காக யாரும் காத்திருக்கவில்லை.

காலாண்டுக் கூட்டம் என்பதை நம் ஊர் கமிட்டிக் கூட்டம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஒரு பிரசங்கியின் சுற்று என்பது பல மைல் தூரத்துக்குச் சிதறிக் கிடக்கும் இருபது முப்பது இடங்கள். அவர் ஓர் இடத்துக்குத் திரும்பி வரவே வாரக்கணக்கில் ஆகும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் ஓரிடத்தில் கூடுவார்கள். சனிக்கிழமையே குதிரையிலும் வண்டியிலும் வந்து இறங்குவார்கள், அந்த ஊர்க்காரர்கள் வீடு வீடாகப் பிரித்துத் தங்க வைப்பார்கள், சாப்பாடு போடுவார்கள். அன்றைக்குக் கணக்குவழக்கு, பிரசங்கம். ஞாயிறு அன்று ‘அன்பின் விருந்து’. அப்பமும் தண்ணீரும் பகிர்ந்துகொண்டு, ஒவ்வொருவராக எழுந்து தேவன் தன் வாழ்க்கையில் செய்ததைச் சாட்சி சொல்வார்கள். அது திருவிருந்து அல்ல. திருவிருந்துக்குப் பட்டம் பெற்ற குருவானவர் வேண்டும், அவர்களிடம் ஒருவரும் இல்லை.

இந்தக் குறைதான் எல்லாவற்றையும் முன்னே தள்ளியது. போரில் ஆங்கிலிக்கன் குருமார்களில் பலர் ஓடிப்போய்விட்டார்கள், ஆலயங்கள் மூடிக் கிடந்தன. டோவரில் சாமுவேல் மகா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் மெதடிஸ்டுகளுக்கு நல்ல நண்பராக இருந்தார், எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? வருடக்கணக்கில் திருவிருந்து இல்லை, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இல்லை. மேரிலாந்தில் ராபர்ட் ஸ்ட்ராபிரிட்ஜ் என்ற ஐரிஷ் பிரசங்கி, பட்டமாவது ஒன்றாவது என்று தானே திருவிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். 1779-ல் வர்ஜீனியாவில் கூடிய தென்பகுதிப் பிரசங்கிகள் பொறுமை இழந்து ஒருவர்மேல் ஒருவர் கைவைத்துத் தங்களுக்குத் தாங்களே பட்டம் கொடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பரி அதை ஏற்கவில்லை. இயக்கம் இரண்டாக உடைய இருந்தது. மறு வருடம் போய்ப் பேசி, வெஸ்லியின் பதில் வரும்வரை திருவிருந்து கொடுப்பதை நிறுத்தி வைப்போம் என்று ஒருவழியாகச் சமாதானம் செய்தார்.

பதில் வர நான்கு வருடம் ஆனது. லண்டன் பேராயர் அமெரிக்காவுக்காக ஒரு மெதடிஸ்ட் பிரசங்கிக்குப் பட்டம் கொடுக்க மறுத்துவிட்டார். 81 வயதான வெஸ்லி 1784 செப்டம்பர் தொடக்கத்தில் பிரிஸ்டல் நகரில், தன் தம்பி சார்ல்ஸுக்குக்கூடத் தெரிவிக்காமல், ரிச்சர்ட் வாட்கோட், தாமஸ் வேசி என்ற இருவருக்குத் தானே பட்டம் கொடுத்தார். ஏற்கெனவே ஆங்கிலிக்கன் குருவாக இருந்த டாக்டர் தாமஸ் கோக்கை அமெரிக்கச் சபைகளுக்குக் கண்காணிப்பாளராகக் கைவைத்து ஏற்படுத்தினார். கோக் வேல்ஸ் நாட்டவர், ஆக்ஸ்போர்டில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், குள்ளமான உருவம், அடங்காத சுறுசுறுப்பு. மூவரும் வெஸ்லி சுருக்கித் தந்த ஜெபப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நவம்பர் 3 அன்று நியூயார்க்கில் இறங்கினார்கள்.

ஆஸ்பரி எங்கே என்று தேடிக்கொண்டு தெற்கே வந்தார்கள். நவம்பர் 13 இரவு கோக் டோவரில் ரிச்சர்ட் பாசெட் வீட்டில் தங்கினார். இந்தப் பாசெட் ஒரு வழக்கறிஞர், மூன்று வருடம் கழித்து அமெரிக்க அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர், பின்னால் டெலவேரின் கவர்னராகவும் ஆனார். மறுநாள் பாரட்ஸ் சாப்பலில் காலாண்டுக் கூட்டம். யாரைத் தேட வேண்டுமானாலும் அங்கே போனால் கிடைப்பார்கள் என்பதால்தான் கோக் அங்கே போனார்.

அந்த நாளைப் பற்றி நேரில் இருந்தவர்கள் எழுதியவை நம்மிடம் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று சற்று மாறுபடுவதே அவற்றின் அழகு. கோக் பிரசங்கித்து முடித்தார். எளிய உடையில், திடமான உடம்போடு ஒருவர் பிரசங்கபீடத்துக்கு ஏறி வந்து தன்னை முத்தமிட்டதாகவும், இவர் ஆஸ்பரியாகத்தான் இருக்க வேண்டும் என்று தான் நினைத்தது சரியாக இருந்ததாகவும் அவர் எழுதுகிறார். அதற்குமுன் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் இருந்த எசேக்கியேல் கூப்பர் என்ற இளைஞர், பிரசங்கம் முடிந்ததும் ஆழ்ந்த அமைதி நிலவியதையும், இருவரும் தழுவிக்கொண்டபோது மற்றப் பிரசங்கிகள் கண்ணீர் விட்டதையும் பின்னாட்களில் சொல்லியிருக்கிறார். பிறகு ஐந்நூறு அறுநூறு பேருக்குத் திருவிருந்து. கோக் அப்பம் கொடுக்க, வாட்கோட் பாத்திரம் கொடுத்தார். அயர்லாந்தில் ஒரே ஓர் இடம் தவிர இப்படி ஒரு நேரத்தைத் தான் அனுபவித்ததில்லை என்பது கோக்கின் வார்த்தை.

ஆஸ்பரியின் நாட்குறிப்பு வேறு மாதிரி. சந்தோஷப்பட்டதைச் சொல்லிவிட்டு, ஆராதனைக்கு முன்னால் பேச வாய்ப்பில்லாததால், சகோதரர் வாட்கோட் பாத்திரத்தைக் கையில் எடுத்தபோது தான் மிகவும் ஆச்சரியப்பட்டதாக எழுதுகிறார். யோசித்துப் பாருங்கள், திருவிருந்துக்காக உடன்பிறப்புகளோடு சண்டை போட்டு, பொறுங்கள் பொறுங்கள் என்று வருடக்கணக்காகக் கட்டுப்படுத்தி வைத்திருந்த மனுஷர். பட்டம் இல்லாத பிரசங்கி என்று அவருக்குத் தெரிந்த ஒருவர் திடீரென்று கையில் பாத்திரத்தோடு நிற்கிறார். அவர்கள் வந்த நோக்கத்தைக் கேட்டதும் அதிர்ந்தேன், ஆனாலும் இது தேவனால் வந்ததாக இருக்கலாம் என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறார். நான் இந்தக் குறிப்பை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், அதில் உள்ள நேர்மைக்காகவே ஆஸ்பரியின்மேல் எனக்கு மதிப்பு அதிகம்.

மதியம் ஆலயத்திலிருந்து ஒரு மைல் தூரத்தில் இருந்த பாரட் வீட்டில் பதினொரு பிரசங்கிகளோடு சாப்பாடு. பிலிப் பாரட் அந்தப் பந்தியில் இல்லை. அவர் சில வாரங்களுக்கு முன்புதான் இறந்துபோயிருந்தார். துக்க வீட்டில், அவர் மனைவி மிரியம்தான் அத்தனை பேரையும் உபசரித்தார். வரலாறு எழுதியவர்கள் இந்த அம்மாவை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

அந்த வீட்டில்தான் முடிவு உருவானது. வெஸ்லி உங்களை எனக்குச் சமமாகக் கண்காணிப்பாளர் ஆக்கச் சொல்லியிருக்கிறார் என்று கோக் சொன்னார். ஆஸ்பரி உடனே தலையாட்டியிருக்கலாம், ஆட்டவில்லை. பிரசங்கிகள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் ஏற்பேன், வெஸ்லியின் நியமனம் மட்டும் போதாது என்றார். இங்கிலாந்தில் ஒருவர் முடிவெடுத்து அமெரிக்காவில் அமல்படுத்துகிற காலம் போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, பதின்மூன்று வருடம் அந்த ஜனங்களோடு வாழ்ந்தவர் இல்லையா. சரி, எல்லாப் பிரசங்கிகளையும் கிறிஸ்துமஸுக்குப் பால்டிமோரில் கூட்டுவோம் என்று தீர்மானித்து, செய்தி சொல்ல காரெட்சனை அனுப்பினார்கள். ‘அம்பு போல’ அனுப்பினோம் என்கிறார் கோக். ஆறே வாரம்தான் இருந்தது, தந்தியும் ரயிலும் இல்லாத காலம்.

இடைப்பட்ட நாட்களில் கோக் சும்மா இருக்கக் கூடாது என்று ஆஸ்பரி அவருக்கு 800 முதல் 1,000 மைல் வரை ஒரு பயணம் போட்டுக் கொடுத்தார். துணைக்கு அனுப்பியவர் ஹாரி ஹோசியர் என்ற கறுப்பினப் பிரசங்கி. எழுதப் படிக்கத் தெரியாதவர், வேதத்தையும் பாடல்களையும் காதால் கேட்டே மனதில் ஏற்றியவர். ஆக்ஸ்போர்டு டாக்டரான கோக் சில நாள் அவரோடு பயணம் செய்துவிட்டு, உலகத்தின் மிகச் சிறந்த பிரசங்கிகளில் இவர் ஒருவர் என்று உண்மையிலேயே நம்புகிறேன் என எழுதினார்.

டிசம்பர் 24 அன்று பால்டிமோரின் லவ்லி லேன் ஆலயத்தில் சுமார் அறுபது பிரசங்கிகள் கூடினார்கள். மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை பிறந்தது. ஆஸ்பரியைத் தேர்ந்தெடுத்து, அடுத்தடுத்த மூன்று நாட்களில் உதவிகுரு, குரு, கண்காணிப்பாளர் என்ற மூன்று பட்டங்களையும் கொடுத்தார்கள். அன்றைக்கு அமெரிக்காவில் மெதடிஸ்ட் அங்கத்தினர் தொகை சுமார் 15,000. பதினொரு வருடம் முன்னால் அது 1,160 மட்டுமே. சோளப்பட்டறை போதவில்லை.

அந்த மாநாடு, அடிமை வைத்திருக்கும் அங்கத்தினர்கள் குறிப்பிட்ட காலத்துக்குள் அவர்களை விடுதலை செய்ய வேண்டும் என்று கடுமையான விதி போட்டது. எதிர்ப்பு வலுக்கவே ஆறே மாதத்தில் அதை நிறுத்தி வைத்தார்கள். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். காரெட்சனும் ஹோசியரும் ஆலனும் நடமாடிய அதே இயக்கம்தான் இப்படிப் பின்வாங்கியது. அந்தக் காலத்து ஆலயங்களின் கேலரிகளும் பெரும்பாலும் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்கார வைத்த இடங்கள்தான். அதே அடிமை முறையை வைத்து 1844-ல் திருச்சபை வடக்கு, தெற்கு என்று உடைந்து, 1939 வரை பிரிந்தே இருந்தது.

இப்போது கட்டடத்துக்கு வருகிறேன், நீங்கள் குறிப்பாகக் கேட்டது இதைத்தான். அமெரிக்காவில் மெதடிஸ்டுகளே தங்களுக்காகக் கட்டி இன்றும் நிற்கும் ஆலயங்களில் மிகப் பழையது இது. இந்த வாக்கியத்தில் ஒவ்வொரு வார்த்தையும் முக்கியம். பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயம் இதைவிட வயதில் மூத்தது, ஆனால் அது ஜெர்மன் சீர்திருத்த சபையார் கட்டத் தொடங்கியது, மெதடிஸ்டுகள் 1769-ல் விலைக்கு வாங்கினார்கள். நியூயார்க்கின் ஜான் தெரு ஆலயம் 1768-ல் கட்டியது, ஆனால் இன்றைக்கு அங்கே நிற்பது 1841-ல் கட்டிய கட்டடம். திருச்சபை பிறந்த லவ்லி லேன் ஆலயமோ இடிந்தே போய்விட்டது, அந்தப் பெயரில் பால்டிமோரில் இப்போது இருப்பது வேறு இடத்தில் 1880-களில் கட்டியது. நகரத்தில் சபை பெருகப் பெருக, பழையதை இடித்துப் பெரிதாகக் கட்டிக்கொண்டே போனார்கள். கிராமத்தில் அந்த நெருக்கடி இல்லை. அதுவும் தொடக்கத்திலேயே தேவைக்கு மிஞ்சிப் பெரிதாகக் கட்டியிருந்ததால் பாரட்ஸ் சாப்பலை இடிக்க யாருக்கும் காரணமே வரவில்லை என்பது என் கணிப்பு.

அதற்காக உள்ளே எல்லாமே 1780-தான் என்று நினைக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளமைப்பை மாற்றியிருக்கிறார்கள். கோக்கும் ஆஸ்பரியும் உட்கார்ந்த மரப்பலகை என்று ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அன்றைய திருவிருந்து நடந்த இடத்தைத் தரையில் பதித்த ஒரு நட்சத்திரம் காட்டுகிறது, முறைப்படி பட்டம் பெற்ற மெதடிஸ்ட் குருக்கள் அமெரிக்காவில் கொடுத்த முதல் திருவிருந்து என்று அதைக் கொண்டாடுகிறார்கள். ஸ்ட்ராபிரிட்ஜ் முன்பே கொடுத்துவிட்டாரே என்று யாராவது கேட்டால், அந்த ‘முறைப்படி’ என்பதுதான் பதில். பக்கத்தில் ஓர் அருங்காட்சியகமும் சுற்றிலும் பழைய கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. 1972-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். அன்று பாத்திரம் ஏந்திய வாட்கோட் பின்னால் பேராயராகி, 1806-ல் டோவரில் அதே பாசெட்டின் வீட்டில் இறந்தார், அந்த ஊர் மெதடிஸ்ட் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கதை அந்தக் கவுண்டியைச் சுற்றியே முடிந்தது.

கோக்கின் கதை நம் பக்கம் வந்து முடிந்தது. அமெரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் என்று அட்லாண்டிக் கடலைப் பலமுறை கடந்தவர், 66 வயதில் இலங்கைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இங்கிலாந்து மாநாடு செலவுக்குப் பயந்து தயங்கியபோது தன் சொந்தப் பணம் 6,000 பவுன் தருகிறேன் என்றார். இலங்கைக்குப் போகாமல் இருப்பதைவிட, துணியும் துணையும் இல்லாமல் அந்தக் கரையில் விடப்படுவதே மேல் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். 1814 மே 3 அன்று கப்பலிலேயே தன் அறையில் இறந்து கிடந்தார், இந்தியப் பெருங்கடலில் அடக்கம் செய்தார்கள். அவரோடு வந்த இளம் மிஷனரிகள் ஜூன் இறுதியில் இலங்கையின் காலி துறைமுகத்தில் இறங்கி, யார் எங்கே போவது என்று பிரித்துக்கொண்டார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கு, வில்லியம் ஆல்ட் மட்டக்களப்புக்கு. ஆல்ட் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கவில்லை, ஆனால் மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அந்த 1814-லிருந்துதான் கணக்கிடுகிறது. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பள்ளிதான் மத்திய கல்லூரியாக வளர்ந்தது, ஆறுமுக நாவலர் படித்ததும், பர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்ததும் அந்த மிஷனில்தான். 1817-ல் லிஞ்ச் சென்னைக்கு வந்தார், தமிழ்நாட்டு வெஸ்லியன் சபைகளின் தொடக்கம் அது.

தமிழ்நாட்டில் மெதடிசம் இரண்டு வழியாக வந்தது என்பதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். லிஞ்ச் வழி வந்தது பிரிட்டிஷ் வெஸ்லியன் மிஷன், அந்தச் சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்துவிட்டன. இன்னொன்று அமெரிக்கர் வழி. பாரட் வீட்டில் திட்டமிட்டு, பால்டிமோரில் பிறந்த அதே மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை 1856-ல் வட இந்தியாவுக்கு வந்தது, 1870-களில் வில்லியம் டெய்லர் மூலம் சென்னைக்கும் வந்தது, 1981 முதல் இந்திய மெதடிஸ்ட் திருச்சபை என்ற பெயரில் தனித்து இயங்குகிறது. இலங்கையில் உள்ளது பிரிட்டிஷ் வழி, ஆனால் எந்த ஐக்கியத்திலும் சேராமல் 1964-லிருந்து தன்னாட்சித் திருச்சபையாக இருக்கிறது. உங்கள் சபை எந்த வழி என்று தெரிய வேண்டுமானால் ஆலயத்தின் பழைய அஸ்திவாரக் கல்லையும், இருந்தால் 1947-க்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள், வெஸ்லியன் என்று இருக்கிறதா, மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் என்று இருக்கிறதா என்பதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.